மூலையில் இருந்த பொட்டு

செண்பகவல்லியின் டைப்பிங் சென்டரில், கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் எப்போதும் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். திருட்டு மென்பொருளைக் காட்டிக்கொடுக்கும் 'இது அசல் அல்ல' என்ற வரியை அது மூடியிருந்தது. வெள்ளிதோறும் புதிதாக வைப்பாள்.

"பொட்டை ஏம்மா மூலையில வைக்கிற?" என்று நோட்டரி வக்கீல் சபாபதி விடாமல் கேட்பார்.

"ராசி சார்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அசல் மென்பொருளை வாங்கி, அதை அசலென்று பதிவுசெய்யும் இருபத்தைந்து எழுத்துச் சாவியையும் தட்டி முடித்தாள். மறுநாள் வந்த சபாபதியிடம் ஈரத்துணியை நீட்டினாள்.

"நீங்களே தொடைங்க சார்."

அழுத்தித் தேய்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமா சார். ஒண்ணுமே இல்ல."

சந்தனத்தைக் குழைத்து, திரையின் மேல் விளிம்பில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், நிதானமாக வைத்தாள்.