எந்திரிக்காதீங்கம்மா

"பாட்டு ஓடும்போது நீங்க எந்திரிக்கவே கூடாது. கை, கால், தலை எதுவும் ஆடக்கூடாது. புரியுதாம்மா?"

இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல் கெரி, திருட்டு வழக்கில் சிக்கிய மலாகியின் அம்மா பெனினாவிடம் கோர்ட் வாசலில் மறுபடியும் சொன்னாள்.

"எம்புள்ள பாட்டு ஓடும், நான் மரக்கட்டையா உக்காந்திருக்கணுமா?"

"அது உங்க புள்ள பாட்டே இல்லைன்னுதாம்மா நான் உள்ள போய் வாதாடப் போறேன்."

பெனினா மகனைப் பார்த்தாள். மகன் தன் ஷூவைப் பார்த்தான்.

கெரியின் பயம் நியாயமானது. இவர்களைப் போன்ற சமோவாத் தீவுக்காரர்களின் சர்ச் மண்டபத்தில் பிள்ளை பாடினால் பெற்றவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். கைகளை வீசி ஆடிக்கொண்டே போய், பிள்ளையின் காலரில் ஒரு பண நோட்டைச் செருகிவிட்டுத்தான் அடங்குவாள். அந்தப் பழக்கம் கோர்ட்டில் தலைகாட்டினால் அரசுத் தரப்புக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

ஒரு வருடமாக, அவர்கள் குடியிருக்கும் மவுண்ட் ட்ரூயிட் வட்டாரம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான். பாடியவன் முகமூடிக்காரன், பெயர் 'முகமில்லான்'. மதுக்கடையை உடைத்துக் கல்லாவைத் துடைத்த கதையை ராப்பாகப் பாடியிருந்தான். அப்படி ஒரு திருட்டு அங்கே நிஜமாகவே நடந்திருந்தது.

மலாகிக்கும் பெரிய பாடகனாகும் ஆசை உண்டு. குரல்தான் ஒத்துழைக்கவில்லை. கபாப் கடைக்காரன் ஒருநாள், "முகமில்லான் நீதானேடா?" என்று கேட்டபோது, மலாகி பதில் சொல்லாமல் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு கபாப் இனாமாக வந்தது. அப்புறம் மறுக்க மனசு வரவில்லை. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவிடம்கூட ஆமாம் என்றுவிட்டான்.

போலீஸ் வந்தபோது கபாப் கடைக்காரன் அதையே பெருமையாகச் சொல்லிவிட்டான். அவன் நான் இல்லை என்று பாடிக் காட்டி நிரூபிக்கிறேன் என மலாகி கெஞ்சினான். வேண்டுமென்றே மோசமாகப் பாடுகிறான் என்பார்கள் என்று கெரி தடுத்துவிட்டாள். பாடியவன்தான் திருடன் என்று முடிவானால், சில வருடங்கள் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

பார்வையாளர் வரிசையில் பெனினாவின் பக்கத்தில் லோசா வந்து உட்கார்ந்தாள். அதே சர்ச், அதே பாடகர் குழு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பியை இன்றைக்கே மாட்டியிருந்தாள்.

"எம்மவன் சாட்சி சொல்றான்ல, அதான் கேக்க வந்தேன். இந்தப் பசங்க ராப் பாட்டெல்லாம் என் காதுல விழுந்ததே இல்லடி. எனக்குச் சர்ச் பாட்டு போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேர் புள்ளையும் ஒரே கோர்ட்ல. என்ன, நிக்கிற இடம்தான் வேற."

பெனினா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லோசாவின் மகன் டிடெக்டிவ் ஃபிலிப்போ, போலீசின் ராப் பாட்டு நிபுணர். கோட்டும் சூட்டுமாக வந்து அவர் பைபிளைத் தொட்ட தோரணை, அதில் ஆட்டோகிராஃப் போட வந்தவர் மாதிரி இருந்தது. ஆனால் பேச ஆரம்பித்ததும் கோர்ட்டே வாயைப் பிளந்தது. எந்தச் சொல் எந்தத் தெருவைக் குறிக்கிறது, எந்த வரியில் என்ன பொடி வைத்திருக்கிறான் என்று அவர் பிரித்துப் பிரித்து வைக்க, நீதிபதி பேனாவை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"'டீ குடிச்சேன், கப்பைக் கழுவிக் கவுத்தேன்'னு ஒரு வரி வருதுங்கய்யா. திருடன் கடையில டீ போட்டுக் குடிச்சதும், கப்பைக் கழுவி வச்சதும் பேப்பர்ல வரலை. திருடனுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும். வெளியாளு யாருக்கும் தெரியாது."

குற்றவாளிக் கூண்டிலிருந்த மலாகி கெரியைப் பார்த்தான்.

கெரி எழுந்தாள். "பாடுறது யார் குரல்னு சொல்ல முடியுமா?"

"அது என் துறை இல்லைங்க, மேடம்."

"ஒரு சாதாரணப் பாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

ஃபிலிப்போவின் காது மடல் சிவந்தது. "சாதாரணம்னு சொல்லாதீங்க. ரெண்டாவது சரணத்துல மூச்சே விடாம எவ்வளவு தூரம் போறான்னு கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

"போடுங்கள், கேட்போம்" என்றார் நீதிபதி.

பாட்டு ஆரம்பித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. திருட்டு முதல் சரணத்தோடு முடிந்துபோய், குரல் அவர்கள் தெருவுக்குள் இறங்கியது. விடிகாலை ரயிலுக்கு ஓடும் பேக்கரித் தொழிலாளிகள், யாரோ ஒருவரின் ஆபீசைத் துடைத்துவிட்டு வந்து பிள்ளைக்குச் சட்டை தேய்க்கும் அம்மா. எத்தனையோ முறை கேட்டிருந்தும் மலாகிக்கு இப்போதும் சிலிர்த்தது. ஜெயில் பயத்தையும் மீறி, இப்படியும் ஒருவன் பாடுவானா என்று தோன்றியது. இவனுடைய பெயரையா நான் ஒரு கபாபுக்காக எடுத்துக்கொண்டேன்?

அப்போது பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள்.

தீர்ந்தது கதை என்று மலாகி கண்ணை மூடிக்கொண்டான். அம்மா, உன்னால் முடியவில்லையா? காலடிச் சத்தம் தாளம் தப்பாமல் நெருங்கி, அவன் கூண்டுக்கு எதிரே வந்து, நிற்காமல் அவனைக் கடந்து போனது.

கண்ணைத் திறந்தான். அம்மா பெஞ்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தேயிருந்தாள்.

கன்னத்தில் வழியும் கண்ணீரோடு கைகளை வீசி ஆடிக்கொண்டு போன லோசா, சாட்சிக் கூண்டில் வியர்த்துக்கொண்டிருந்த ஃபிலிப்போவின் காலரில் ஒரு நோட்டைச் செருகினாள்.

"இவ்வளவு அழகாப் பாடிட்டு, பெத்தவகிட்ட ஏண்டா மறைச்ச?"