பதினாறாம் தேதி சாட்சி

"ஐயா, எம் புள்ளைய மட்டும் சாட்சிக்கு இழுக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

வந்ததும் வராததுமாக முனியம்மா இப்படிச் சொன்னதும், ஏசுபாதம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். செங்கல்பட்டு ரயில்வே கேட்டை ஒட்டிய சர்ச் கொட்டகையில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏசி ரிப்பேர் இலவசமாகக் கற்றுக்கொடுப்பவர் அவர். முனியம்மாவின் மகன் பார்த்திபன் அங்கேதான் தொழில் படித்தான். மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

"முதல்ல உக்காருங்கம்மா. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"சட்டையத் தொவைக்கலாம்னு எடுத்தேன். பையில ஒரு சீட்டு. எனக்கு எங்க படிக்கத் தெரியுது? பக்கத்து வூட்டு ஜெகதாம்பாதான் படிச்சா. பதினாறாம் தேதி, காலைல பத்து மணி, பார்த்திபன் சாட்சின்னு போட்டு, கீழ உங்க பேரும் போட்டுக்கீதாம். இன்னாடா இதுன்னு கேட்டா, அன்னிக்கு நீயே தெரிஞ்சுக்கம்மான்னு சிரிக்கிறான். அவங்க நைனாவும் இப்படித்தான் சிரிச்சிகினே சாட்சி சொல்லப் போனாரு."

ஏசுபாதத்தின் முகம் மலர்ந்தது. "பார்த்திபனோட அப்பாவும் சாட்சி சொல்லியிருக்காரா? அவன் சொல்லவே இல்லையே."

"அவன் அப்போ கைக்கொழந்த. சொன்னாரு, அதோட ஊரை வுட்டே வந்துட்டோம்."

"சிலருக்கு அப்படித்தாம்மா. வாழ்க்கையே மாறிப்போகும்."

முனியம்மா அவரையே பார்த்தாள். எப்படி இந்த மனுஷனால் இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது? கடப்பாக்கத்தில் நடந்த ஒரு வெட்டுக் கேஸில், கண்ணால் பார்த்ததைக் கோர்ட்டில் சொல்லிவிட்டு வந்த அவள் புருஷனை பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கினார்கள். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் கம்பு ஊன்றித்தான் நடந்தார்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லம்மா. அவனாத்தான் வந்து, நான் சொல்றேன்னு நின்னான்."

"நிப்பான், எள ரத்தம். யாரு எதிர்ல சொல்லணும்?"

"எல்லார் எதிர்லயும்தான். இருநூறு பேராவது வருவாங்க. இன்ஸ்பெக்டர்கூட வர்றதா சொல்லியிருக்காரு."

முனியம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நடுவுல எதனா கேள்வி கேப்பாங்களா?"

"சேச்சே. நடந்ததை நடந்தபடி சொன்னா போதும். கேக்கறவங்க சில பேர் அழுவாங்க, அவ்வளவுதான்."

"அழுவறவங்க சும்மா வுட்டுடுவாங்களா ஐயா?"

"எங்க விடுவாங்க? வெளியில வரும்போது சுத்திக்குவாங்க. போன வருஷம் ஒரு பையனை அரை மணி நேரம் நகர விடலையே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். முனியம்மா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ அவன் வேணாம். அவனுக்குப் பதிலா நான் சொல்றேன்."

"நீங்களா? நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அவன் வாழ வேண்டிய புள்ள. எனக்கின்னா, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. இன்னா சொல்லணும்னு நீங்க சொல்லிக்குடுங்க, அப்படியே ஒப்பிச்சிடறேன்."

"சொல்லிக்குடுத்துச் சொல்றது சாட்சி ஆகாதும்மா. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. பெத்தவங்க வாயால வந்தா இன்னும் பலமா இருக்கும்."

"அவன்கிட்ட மூச்சு வுடாதீங்க."

"விடமாட்டேன். அவனுக்கும் ஆச்சரியமா இருக்கட்டும். பத்து மணிக்கு இங்க வந்துடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பதினாறாம் தேதி காலை, பார்த்திபன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். முனியம்மா வீட்டைப் பூட்டி, சாவியையும் ரேஷன் கார்டையும் ஜெகதாம்பாளிடம் நீட்டினாள்.

"இன்னாக்கா, ஊருக்கா?"

"வந்தா வாங்கிக்கறேன். வரலன்னா என் புள்ளைக்கு ரெண்டு நாளு சோறு போடு. கொழம்புல புளி தூக்கலா இருந்தா துன்ன மாட்டான்."

"கருமம். காலங்காத்தால இன்னா பேச்சு இது?"

முனியம்மா சாவியை அவள் கையில் திணித்தாள். நின்றால் கால் பின்வாங்கிவிடும் என்று வேகமாக நடந்தாள்.

வாசலிலேயே காத்திருந்த ஏசுபாதம், கொட்டகைக்குப் பின்னால் இருந்த பெரிய ஹாலுக்குள் அவளை அழைத்துப் போனார். உள்ளே நிற்க இடமில்லை. முன்வரிசையில் காக்கிச் சட்டை; விசாரணையை இங்கேயே வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். ஓரத்தில் நின்ற பார்த்திபன், அம்மாவைக் கண்டதும் வாயைப் பிளந்தான். அவனைப் பார்க்காமலே அவள் மேடையேறினாள். யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் வெட்டின ஆட்கள் யார் என்று தேடினாள். எல்லா முகமும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற ஏசுபாதத்தின் காதில் மெதுவாகக் கேட்டாள். மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது.

"ஐயா, யாரு யாரை வெட்டினதுன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லியே."

ஏசுபாதம் திகைத்துப் போனார்.

"வெட்டினதா? அம்மா, உங்க புள்ள இங்க தொழில் கத்துக்கிட்டு, வேலைக்குப் போயி, உங்களை உக்கார வச்சு சோறு போடறானே, அந்த நல்லதை நாலு பேர் கேக்கச் சொல்றதுக்குத்தாம்மா எங்க சபையில சாட்சின்னு பேரு."

"அவ்ளோதானா?" என்ற முனியம்மா, மகன் நின்ற பக்கம் மைக்கை நீட்டினாள். "அப்போ அவனே சொல்லட்டும் ஐயா. நான் உக்காந்து கேக்கறேன்."