நாற்பதடி ஆழத்தில்

“தண்ணிக்கடியில போட்டோ எடுக்கணும். நல்ல கேமராவா காட்டுங்கண்ணே.”

“மீனையா, பவளப்பாறையையா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ரெண்டும் இல்ல. நகராத பொருள்தான். நாப்பதடி ஆழம். தண்ணி ஒரே கலங்கல்.”

“கலங்கல்னா தூரத்துல நின்னு எடுத்தா ஒண்ணும் விழாது. கிட்டப் போயே முழுசா எடுக்குற லென்ஸ் வேணும். லைட்டை நேரா அடிக்காம ரெண்டு பக்கமும் தள்ளி வைங்க. இல்லன்னா சேறுதான் மின்னும்.”

“நம்பர் எழுதியிருந்தா தெளிவா தெரியுமா?”

“தெரியும்.”

“நானும் படத்துல நிக்கணும். தானா எடுக்குமா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “மாப்பிள்ளை போட்டோவா தம்பி? நீச்சலாவது தெரியுமா?”

“இனிமேதான் கத்துக்கணும்.”

வந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். அணைக்கட்டு இழப்பீட்டு அலுவலகத்தின் முத்திரை இருந்தது. கடைக்காரர் வாய்விட்டுப் படித்தார்.

‘அணை நீரில் மூழ்கிய தங்கள் வீட்டுக்கு இழப்பீடு பெற, கதவு எண் தெரியும்படி உரிமையாளர் வாசலில் நிற்கும் புகைப்படத்தை இணைக்கவும். படம் கடந்த ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.’

“தண்ணி எப்ப ஏறுச்சு?”

“எட்டு மாசம் ஆச்சுண்ணே. அந்த லைட்டையும் எடுங்க, பார்க்கலாம்.”