அழுக்குப் பனியன்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் அப்பா குணசேகரின் வெறும் நெஞ்சுச் சூட்டில்தான் தேறியது. பெற்றவள் வெண்ணிலா அப்போது வேறு வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தூக்கினால் பொடிசு வீறிட்டு அழும். “குடு இங்க” என்று அவன் சிரித்தபடி வாங்கிக்கொள்வான். உடனே அழுகை நிற்கும். அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

இன்று அவன் குளிக்கப் போனதும், துவைக்கப் போட்டிருந்த அவனுடைய பனியனை எடுத்து நைட்டிக்கு மேல் மாட்டினாள். அதற்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். அது துப்பட்டாவுக்குள் முகத்தை நுழைத்து மோந்தது. அப்படியே உறங்கிப்போனது.

ஈரத்தலையோடு வந்த குணசேகர் பூரித்துப்போனான். “பாத்தியா, அம்மா வாசனையக் கண்டுபிடிச்சிட்டான்!”

“ஆமா” என்றாள் வெண்ணிலா, துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டபடி.