வடிந்துவிட்ட வெள்ளம்

"இன்னைக்கோட முகாமை மூடிடணும். வெள்ளம் வடிஞ்சாச்சுன்னு ஆபீஸ் போனதும் எழுதிடுவேன்" என்றார் நிவாரண அதிகாரி.

அந்தப் பள்ளிக்கூட முகாமில்தான் கொத்தனாரின் மகள் நேற்றுப் பிறந்த பிள்ளையோடு படுத்திருக்கிறாள்.

"பச்சை உடம்புக்காரியை எங்கேங்கய்யா கூட்டிட்டுப் போவேன்? வீட்டுக்குள்ள தண்ணி நிக்குதே."

"கொஞ்சம் ஈரம் இருக்கும். துடைச்சுட்டுப் படுங்க. உட்கார்ந்த இடத்துல சோறு வந்து உங்களுக்கெல்லாம் ருசி கண்டுபோச்சு. பட்ஜெட்ல எவ்வளவு துண்டு விழுது தெரியுமா? செலவைக் குறைச்சாத்தான் நாடு உருப்படும்."

நாட்டை உருப்பட வைக்க வந்துட்டாரு பெரிய மனுஷன் என்று கொத்தனார் மனசுக்குள் காறித் துப்பினார். வாய் மட்டும் கெஞ்சியது.

"ஒரு வாரம் பொறுத்துக்கங்கய்யா."

"ஒரு நாள்கூட முடியாது. அரசாங்கம் எத்தனை பேரைத்தான் சுமக்கும்? பேச்சை விட்டுட்டுச் சீக்கிரம் நட. ஜீப் மேட்டுல நிக்குது."

கொத்தனாருக்கு மூச்சு வாங்கியது. நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டார்.

"ஏன்யா நின்னுட்டே?"

"வெள்ளந்தான் வடிஞ்சிருச்சே, இனி நான் எதுக்கு?"

சொல்லிவிட்டு, பூட்ஸ் நனையக் கூடாது என்று பள்ளிக்கூட வாசலிலிருந்து தன் முதுகில் ஏறி வந்த அதிகாரியை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

"ஐயோ, தூக்குய்யா! கீழே ஏதோ வழுக்குது!" அதிகாரி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"முகாம்?"

"மூடலை! மூடவே மாட்டேன்!"

"சத்தமாச் சொல்லுங்கய்யா. முகாம் ஜன்னல்ல ஜனமெல்லாம் நிக்குது."