அண்ணன் முறையா, அத்தான் முறையா

பங்குனி உத்திரம் கழிந்து கல்யாணம். குருநாதன் வாடகை சைக்கிளை மிதித்துப் பனவடலிசத்திரம் போய், சாஸ்தா கோயில் பூசாரி வெள்ளத்துரையின் முன்னால் வேர்க்க வேர்க்க நின்றான்.

“அண்ணாச்சி, எனக்குப் பார்த்திருக்க பொண்ணு அன்னக்கிளி வீட்டுல குலசாமி எதுன்னே மறந்துட்டாங்க. திருவேங்கடத்துக்குக் குடிபோறதுக்கு முன்னால அவ பூட்டன் எந்தச் சாமியைக் கும்பிட்டாருன்னு தெரியணும்.”

“பூட்டன் பேரு?”

“மீசைக்கார சண்முகையா.”

பூசாரி உதட்டைப் பிதுக்கினார். “அவரா? அவரு வம்சமே இங்கனதான் வே மொட்டை போடும். உமக்கும் இதே சாஸ்தா. ஒரே சாமின்னா பங்காளி. அந்தப் பிள்ளை உமக்குத் தங்கச்சி முறை. கட்டக்கூடாது.”

“நிசமாவா?”

“சாஸ்தா மேல சத்தியம். மனசைத் தேத்திக்கிடும்.”

குருநாதன் அவரைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டான். “பிழைச்சேன் அண்ணாச்சி! இந்தக் கல்யாணத்தை எப்படி நிப்பாட்டுறதுன்னு தெரியாம எனக்குச் சோறே இறங்கல!”

“நல்ல ஆளுகதாம் வே ரெண்டு பேரும். அந்தப் பிள்ளையும் நேத்து வந்து இதையே கேட்டுட்டு, இப்படித்தான் குதிச்சுட்டுப் போச்சு.”

குருநாதன் அவரைத் தொப்பென்று கீழே விட்டான்.

“குதிச்சாளா? ஏன், எனக்கு என்ன குறைச்சல்?”