மூக்கு சொன்ன சாட்சி

பத்தடிக் கோட்டில் நின்று மூக்கையா மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பூமயில், பரீட்சைப் பேப்பர் திருத்தும் வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவர் மூக்கையே பார்த்தாள்.

அவளுக்குப் பீனிசம். மூக்குக்குள் சதை வற்றி, பச்சைப் பச்சையாய்ப் பொருக்குத் தட்டி, அழுகி நாறும். பக்கத்தில் இருப்பவருக்குக் குடலைப் புரட்டும். நோய்க்காரருக்கு மட்டும் எந்த வாடையும் தெரியாது. உள்ளே மோப்பமே செத்துப்போயிருக்கும்.

மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் நஸீரா, இரண்டு வகைச் சொட்டு மருந்துகளில் இதற்கு எது கேட்கிறது என்று ராமநாதபுரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாற்றத்தை அளக்க மிஷின் கிடையாது. யாருக்கு எந்த மருந்து என்பது டாக்டருக்குத் தெரியும். தெரிந்த மூக்கு சாட்சி சொல்லக்கூடாதாம். ஆகவே வார்டு ஊழியர் மூக்கையாவின் மூக்கு.

பத்தடியில் நாறினால் மூன்று மார்க். ஐந்தடியில் இரண்டு. மூன்றடியில் ஒன்று. அங்கேயும் இல்லையென்றால் சைபர்.

மூத்தது மூன்றும் தங்காமல் போனதால், நாலாவதாய்ப் பிறந்தவருக்கு மூக்குக் குத்தி இந்தப் பேரை வைத்தார்கள். எமனை ஏமாற்றக் குத்திய மூக்கு ஐம்பது வயதில் விஞ்ஞானத்துக்குப் போனது. பெருமைதான். ஆனால் முதல் நாளே ஒருவர் மூக்கிலிருந்து புழு நெளிந்து நெளிந்து டிரேயில் விழ, அன்றோடு சேமியாப் பாயசம் நின்றது. போன வாரம் சோற்றில் சீரகம் கிடந்ததற்கே தட்டைத் தள்ளிவிட்டார்.

ஐந்தடிக் கோடு. இழுத்தார். இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் இவளுக்குப் பத்தடியிலேயே ஓடிப்போய் வாந்தி எடுத்தவர் அவர். இவள் எழுந்ததும், இவள் பார்க்கப் பார்க்கவே, ஸ்டூலில் ஃபினாயில் ஊற்றிக் கழுவியவரும் அவர்தான். அதை நினைத்தால் புழுவைவிட அது அருவருப்பாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் வேல்சாமி பீடியோடு நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடும் மிளகாயும் உள்ள ஆள். மூன்று வருஷமாய்ப் பெண்டாட்டியை அவள் பிறந்த வீட்டில் விட்டுவைத்திருந்தான். வேறு பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. காலையில் வந்ததும் டாக்டரிடம் பட்டென்று சொல்லிவிட்டான்.

"ஆடுகூட இவகிட்ட நிக்கல டாக்டரம்மா, மூஞ்சியத் திருப்பிட்டுப் போகுது. பேப்பர்ல சைபர்னு போட்டுக் குடுங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா ஆளை விடுங்க."

இன்றுதான் கடைசிப் பரிசோதனை.

மூன்றடிக் கோடு.

மூக்கையா இழுத்தார். இருந்தது. முன்போல அலையாய் வந்து அடிக்கவில்லை, ஆனால் இருந்தது. மிளகாய் மூட்டைக்கு அடியில் நாலு நாள் செத்துக் கிடந்த எலி. அடிவயிற்றிலிருந்து காலை இட்லி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. அதை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தை மட்டும் அசைக்கவில்லை.

"எத்தனை மூக்கையாண்ணே?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.

மூன்றிலிருந்து ஒன்று. ஆராய்ச்சிக்கு அது நல்ல மார்க். வேல்சாமிக்கு அது ஃபெயில்.

பூமயிலின் கை ஸ்டூல் விளிம்பை இறுக்கியது.

"சைபர், டாக்டரம்மா."

டாக்டரின் முகம் மலர்ந்தது. எழுதினார். ஜன்னல் வழியாகவே கேட்டுவிட்ட வேல்சாமி பீடியைக் காலில் நசுக்கிவிட்டு உள்ளே வந்தான்.

பூமயில் மூன்று வருஷத்து மூச்சை வெளியே விட்டாள். பிறகு நெஞ்சு நிறைய உள்ளே இழுத்தாள்.

அவள் முகம் கோணியது.

முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். கடைசியில் மூக்கையாவைப் பார்த்தாள்.

"என்னமோ அழுகுன வாடை அடிக்குதேண்ணே… யாரு மேல?"

டாக்டரின் பேனா நின்றது. மருந்து கேட்டுவிட்டது, செத்த மோப்பம் திரும்பிவிட்டது. எழுதிய சைபரையும் மூக்கையாவையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

மூக்கையா தன் சட்டையை மோந்து பார்த்தார். பிறகு அசடுபோல ஒரு சிரிப்பு.

"எம்மேலதான் தாயி. குளிச்சு மூணு நாளாச்சு."

வேல்சாமி உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டான். பேப்பரே சொன்னபிறகு அவனுக்கு வேறு சந்தேகம் வரவில்லை.

"அதான பார்த்தேன். ஆசுபத்திரியில வேலை பார்க்குற ஆளு, கொஞ்சம் சுத்தபத்தமா இருக்க வேணாமாய்யா? நீ வா பிள்ள, அங்கன நிக்காத."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தான். அந்தக் கையைப் பார்க்கவே மூக்கையாவுக்குக் குமட்டியது. ஆனால் அவள் போக ஆசைப்பட்ட கை அதுதான்.

இருவரும் வராந்தாவைத் தாண்டினார்கள். வேப்பமரத்தைத் தாண்டினார்கள். கடல்காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. வேல்சாமி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே போனான்.

பூமயில் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

கேட்டருகே நின்று, ஒருமுறை திரும்பி, மூக்கையாவைப் பார்த்தாள்.